ஆட்காட்டிக் குருவி: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலபோக அறுவடை முடிந்து வயல் காயத் தொடங்கியதும் ஆட்காட்டியைப் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். ஏன் இந்தக் கத்துக் கத்துகிறது, தலையில் கொத்துமா, உழப்போகிற இடத்தில் முட்டை கிடக்கிறதே என்ன செய்வது, பிள்ளைகள் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்ன தீனி வைப்பது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எந்தப் பக்கத்து ஆட்களோடு பேசினாலும் கேட்பது ஏறக்குறைய இவைதான். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் உழவு பற்றிய கேள்வியையும் குஞ்சு பற்றிய கேள்வியையும் முதலில் படியுங்கள்.

ஆட்காட்டி என்று சொல்வது எந்தக் குருவியை?

தலை, தொண்டை, மார்பு எல்லாம் கறுப்பு. கண்ணுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை கழுத்தோரமாக இறங்கி வயிற்று வெள்ளையோடு சேரும். முதுகு மண்ணிறம், கால் நீண்டு மஞ்சளாக இருக்கும், அலகு சிவப்பு, அலகு நுனி மட்டும் கறுப்பு. கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புத் தசை மடிப்பு இருக்கிறது பாருங்கள், அதுதான் உறுதியான அடையாளம். அலகிலிருந்து வால் வரை ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். பறக்கும்போது செட்டையில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும், வால் நுனிக்குச் சற்று உள்ளே கறுப்புப் பட்டி ஓடும். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான், வயலில் நின்று பிரித்துச் சொல்ல முடியாது.

அறிவியலில் வனெல்லஸ் இண்டிகஸ். மேற்கே ஈராக்கிலிருந்து கிழக்கே தென்கிழக்காசியா வரை பரவியிருக்கிற இனம் இது. இலங்கையில் இருப்பதை அதன் தனித் துணையினமாகவே கணக்கெடுத்திருக்கிறார்கள்.

முகத்தில் மஞ்சள் தசை தொங்குகிற ஒன்றைப் பார்த்தேன். அதுவும் இதுதானா?

இல்லை, அது மஞ்சள்மூக்கு ஆட்காட்டி, வேறு இனம். தலையில் கறுப்புத் தொப்பி போட்டதுபோல இருக்கும், மார்பு கறுப்பில்லை, சத்தமும் குறைவு. சிவப்பு ஆட்காட்டி தண்ணீர் ஓரத்தை விரும்பும். மஞ்சள் ஆட்காட்டி அதைவிட வறண்ட, புல் குட்டையான தரவை நிலங்களில் நிற்கும். இரண்டும் நிலத்தில்தான் முட்டையிடும் என்பதால் கீழே சொல்கிற எச்சரிக்கைகள் இரண்டுக்கும் பொருந்தும்.

எந்த இடங்களில் பார்க்கலாம்?

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரைக்குளம் என்று பெரிய குளங்களில் தொடங்கி ஊருக்குள் இருக்கிற சின்னக் குளம் வரை எங்கும். தண்ணீர் வற்ற வற்றக் குளத்தின் உட்பக்கத்தில் வெளிப்படுகிற அந்தச் சேறும் வெடித்த களியும் அதற்குப் பிடித்த இடம். அறுவடை முடிந்த வயல், வாய்க்கால் ஓரம், மாட்டுப் பட்டிக்குப் பக்கத்துத் தரவை, கிரவல் தோண்டிய வெட்டை, ஆளில்லாத மேட்டுக்காணி. சுற்றிவரப் பார்வை மறைக்காத இடமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பற்றைக் காட்டுக்குள் இதைத் தேட வேண்டாம்.

ஏன் இப்படிக் கத்துகிறது? நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே.

நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் அதற்கு நீங்கள் ஆபத்துத்தான். மரத்தில் கூடு கட்டுகிற காகத்துக்கும் கொக்குக்கும் உயரம் காவல். ஆட்காட்டிக்கு வெறும் நிலம், நாலு முட்டை, தன் தொண்டை. வேறு ஒன்றும் கிடையாது.

ஆனால் எல்லாக் கத்தும் ஒன்றில்லை, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சோடியில் ஒன்று முட்டையில் இருக்க மற்றது கொஞ்சம் தள்ளி மேடான இடத்தில் காவல் நிற்கும். நீங்கள் தூரத்தில் வரும்போதே காவல் நிற்பது ஒரு தடவை, இரண்டு தடவை விட்டுவிட்டுக் கத்தும். அது முட்டையில் இருப்பதற்கான செய்தி. உடனே முட்டையில் இருப்பது சத்தமே போடாமல் எழும்பி, தலையைத் தாழ்த்திக்கொண்டு, புல்லோடு புல்லாக ஓடி, தள்ளிப்போன பிறகுதான் பறக்கும். பறந்து வேறு ஒரு பக்கத்தில் இறங்கி அங்கே நின்றுகொண்டு கத்தத் தொடங்கும். நீங்கள் சத்தம் வந்த இடத்தைப் பார்ப்பீர்கள். முட்டை அங்கே இருக்காது.

நீங்கள் முட்டையை நெருங்க நெருங்கக் கத்து வேகம் கூடும், இடைவெளி குறையும், இரண்டும் சேர்ந்து உங்கள் தலைக்கு மேலே சுற்றத் தொடங்கும். குஞ்சு பொரித்த பிறகு இது இன்னும் மோசமாக இருக்கும். ஏனென்றால் முட்டை ஒரே இடத்தில் கிடக்கும், குஞ்சு நாலும் நாலு பக்கம் நிற்கும், எல்லாவற்றையும் காக்க வேண்டும். ஆகவே கத்துகிற குருவியின்மீது எரிச்சல்படாமல், கத்து கூடுகிறதா குறைகிறதா என்று காது கொடுங்கள். கூடினால் நீங்கள் போகிற திசை பிழை. திரும்பி வந்த வழியே பத்துப் பதினைந்து அடி நடந்து பாருங்கள், சத்தம் தானாக இறங்கும்.

தலையில் கொத்துமா?

கொத்துவதுபோல வரும். தலைக்கு நேரே தாழப் பறந்து வந்து கடைசி நேரத்தில் விலகிப் போகும். சிறு பிள்ளைகள் பயந்து ஓடுவார்கள், ஓடுகிறபோதுதான் குஞ்சையோ முட்டையையோ மிதிக்கிற ஆபத்து. ஓடாமல், காலடியைப் பார்த்துக்கொண்டு மெதுவாக விலகச் சொல்லிக் கொடுங்கள்.

முட்டை எப்படி இருக்கும்? எத்தனை இடும்?

பெரும்பாலும் நாலு, சில வேளை மூன்று. நாலையும் ஒரே நாளில் இடுவதில்லை, நாள் விட்டு நாள் சேரும். மண்ணிறத்துக்கும் சாம்பலுக்கும் நடுவான ஒரு நிறம், அதன்மேல் கறுப்பும் கபிலமுமாகத் திட்டுத் திட்டான புள்ளிகள். ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் கூரானது. கூர் முனைகள் நாலும் நடுவில் சந்திக்கிறபடி அடுக்கியிருக்கும். அப்படி அடுக்கினால் நாலும் நெருக்கமாக ஒட்டிக் கிடக்கும், ஒரே குருவியின் வயிற்றுக்குக் கீழே அடங்கும்.

கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மண்ணில் ஒரு சின்னப் பள்ளம். சுற்றிவரக் கூழாங்கல், காய்ந்த களிக்கட்டி, ஆட்டுப் புழுக்கை, முயல் புழுக்கை என்று கிடைத்ததைச் சேர்த்து வைத்திருக்கும். இது அலங்காரமில்லை. முட்டையைச் சுற்றி அதே அளவில் அதே நிறத்தில் பொருட்கள் கிடந்தால் பார்க்கிற கண்ணுக்கு முட்டை தனியாகத் தெரியாது. நேரே குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு தடவை தலையை நிமிர்த்தினால் மறுபடி கண்டுபிடிக்க நேரமெடுக்கும், அந்தளவுக்கு மண்ணோடு சேர்ந்துவிடும்.

எந்த மாதங்களில் முட்டையிடும்?

பெரும்பாலும் மார்ச் தொடங்கி ஓகஸ்ட் வரை. வன்னியில் வடகீழ்ப் பருவமழை ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்த பிறகு, நிலம் காய்ந்து குளம் இறங்குகிற காலம். முதல் முட்டைகள் அழிந்துபோனால் மறுபடி இடும். ஒரே சோடி இரண்டாம் தடவையும் முயல்வதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

இந்தச் சித்திரை வெயிலில் வெட்டையில் கிடக்கிற முட்டை அவிந்து போகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இந்தக் குருவியின் பெரிய வேலையே இங்கேதான் இருக்கிறது.

அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்று கோழியைப் பார்த்து நாம் பழகிவிட்டோம். ஆட்காட்டி இரவிலும் விடியற்காலையிலும் சூடு கொடுக்கிறது, சரி. ஆனால் காலை பத்து மணிக்குப் பிறகு அது செய்கிற வேலை நேரெதிர், முட்டைக்கு நிழல் கொடுப்பது. வெறும் மண் கொதிக்கிற நேரத்தில் முட்டை திறந்து கிடந்தால் உள்ளே இருக்கிற உயிர் தாங்காது. அதனால் முட்டையோடு ஒட்டிப் படுக்காமல் அதன்மேல் நின்றபடி அல்லது பாதி குந்தியபடி, சிறகை இலேசாக விரித்து, வெயிலைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கும். வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டே நிற்கும்.

அது போதாதென்றால் தண்ணீர். சோடியில் ஒன்று குளத்துக்கோ வாய்க்காலுக்கோ போய், வயிற்று இறகு ஊறும்வரை தண்ணீரில் குந்தியிருந்துவிட்டு, ஈர வயிற்றோடு வந்து முட்டையின்மேல் அமரும். முட்டையும் சுற்றியுள்ள மண்ணும் குளிரும். குஞ்சு பொரித்த பிறகும் இப்படி நனைந்து வரும், குஞ்சுகள் அந்த ஈர இறகிலிருந்து தண்ணீர் குடிக்கும். குளம் தூரம் போகப் போக இந்த ஓட்டமும் நீளும். வரட்சி கடுமையான ஆண்டில் இந்தக் குருவிகள் படுகிற பாட்டை ஒரு மத்தியானம் தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் பிறகு அதன்மீது கல் எறிய மாட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. வெயில் நேரத்தில் நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நின்றால் குருவி முட்டைக்குத் திரும்பாது. நீங்கள் கையால் தொடவே வேண்டாம், நின்று கதைத்துக்கொண்டிருந்தாலே முட்டை கெட்டுப்போகலாம். காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் நாலு வரை ஒருபோதும் நிற்காதீர்கள்.

அடைகாப்பது தாயா தகப்பனா?

இரண்டும் மாறி மாறி. மத்தியான வெயிலில் பெட்டையை எழுப்பிவிட்டுச் சேவல் வந்து நிற்பதும் உண்டு. பொரிக்க 28 முதல் 30 நாள் வரை எடுக்கும். நாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிக்கும்.

மாடு மிதித்துவிடாதா?

மிதிக்கிற ஆபத்து இருக்கிறதுதான், பட்டி மாடுகள் கூட்டமாக இறங்குகிற குளங்களில் அதிகம். ஆனால் குருவி சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. ஆளைக் கண்டால் விலகி ஓடுகிற அதே குருவி மாட்டைக் கண்டால் முட்டைக்கு முன்னால் நின்று சிறகை விரித்து மாட்டின் முகத்துக்கு நேரே எதிர்க்கும். மாடு ஒரு கணம் திகைத்து, தலையைத் திருப்பி, பக்கத்தால் போய்விடும். மாடு முட்டையைத் தின்னாது, கால்தான் ஆபத்து, ஆகவே விலக்கினால் போதும் என்பதை அது தெரிந்து வைத்திருப்பதுபோலவே நடக்கும். நாய்க்கும் கீரிக்கும் வேறு வழி. அவற்றின் தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து விரட்டும், அல்லது செட்டை முறிந்ததுபோல நிலத்தில் இழுத்து இழுத்து ஓடித் தன் பின்னால் வரச்செய்யும். நாய் வெகுதூரம் வந்ததும் ஒன்றும் நடக்காததுபோலப் பறந்து போகும்.

மாடு மேய்க்கிறவர்கள் தினமும் ஒரே வழியால் பட்டியைக் கொண்டுபோனால் பெரிய உதவி. குருவி அந்தத் தடத்தை விட்டுத் தள்ளி முட்டையிடும்.

உழப்போகிற காணியில் முட்டை கிடக்கிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தை எழுத முக்கிய காரணம் இந்தக் கேள்விதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், நாள் தள்ள முடியுமா பாருங்கள். இடத் தொடங்கியதிலிருந்து பொரிக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றாலும், நீங்கள் கண்டது பெரும்பாலும் நடுவில் ஒரு நாளாகத்தான் இருக்கும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கிற திகதி உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். குளத்துக் கூட்டத்தில் தீர்மானித்த நாளில் எல்லோரும் விதைக்கத்தான் வேண்டும். மேட்டுக்காணி என்றால் அந்தத் துண்டைக் கடைசியாக வைத்து உழலாம்.

தள்ள முடியாதென்றால் முட்டையைச் சுற்றி நாலைந்து அடி விட்டு உழுங்கள். லாண்ட்மாஸ்டர் என்றால் ஒரு திருப்பம், பெரிய உழவு இயந்திரம் என்றால் கலப்பையை ஒரு கணம் தூக்கினால் சரி. சாரதிக்கு இடம் தெரிய வேண்டும் அல்லவா, அதற்கு முட்டைக்குப் பக்கத்தில் தடி நடாதீர்கள். காகத்துக்குத் தடி நிற்க இடம், பார்க்கிறவர்களுக்கு அடையாளம். இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒவ்வொரு தடி நட்டு, நடுவில் இருக்கிறது என்று சாரதிக்கு வாயால் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். இயந்திரம் போய்க் கொஞ்ச நேரத்தில் குருவி திரும்பி வரும். சுற்றிவர நிலம் புரண்டு கிடந்தாலும் முட்டை இருந்த இடத்தில் இருந்தால் அது தேடி வந்து அமரும்.

முட்டையைக் கையால் எடுத்து வரம்பில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் அது தேடுவது தன் இடத்தை. வரம்பில் வைத்த முட்டையைக் காகம்தான் முதலில் காணும்.

நெருப்பு இன்னொரு பக்கம். அறுவடை முடிந்த ஒட்டுக்கு நெருப்பு வைக்கிற பழக்கம் முட்டையிடத் தொடங்குகிற காலத்தோடு நேரே மோதுகிறது. வைக்கத்தான் வேண்டும் என்றால் வெட்டு முடிந்த கையோடு வையுங்கள், பங்குனி சித்திரை வரை வைத்திருந்து கொளுத்தாதீர்கள். ஒட்டை உழுது மண்ணுக்குள் புதைத்தால் மண்ணுக்கும் நல்லது.

முட்டையை எடுத்து அடைக் கோழிக்கு வைத்தால் பொரிக்குமே?

கோழி முட்டைக்கு 21 நாள், இதற்கு 28 நாளுக்கு மேல். தன் குஞ்சு பொரித்ததும் கோழி எழும்பிப் போய்விடும். அதையும் தாண்டிப் பொரித்தாலும் ஆட்காட்டிக் குஞ்சுக்குக் கோழியின் குரல் புரியாது. படு என்றால் படுக்கவும் எழும்பு என்றால் எழும்பவும் அது கேட்க வேண்டியது தாய் தகப்பனின் குரலை. எடுக்காதீர்கள்.

பிள்ளைகள் ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தாய் கைவிட்டது என்கிறார்கள்.

கைவிடவில்லை. ஆட்காட்டிக் குஞ்சு பொரித்த அன்றே கண் திறந்து, பஞ்சு உடம்போடு, இறகு காய்ந்ததும் எழும்பி நடக்கும். ஒரு நாளுக்குள் கூட்டை விட்டுப் போய்விடும். தாய் அதற்கு ஊட்டுவதில்லை, அது தானாகவே பூச்சி கொத்தித் தின்னும். தாயும் தகப்பனும் செய்வது வழி காட்டுவது, காவல் நிற்பது, குளிரிலும் வெயிலிலும் சிறகுக்குள் வைத்திருப்பது.

ஆபத்து என்று பெரியவை குரல் கொடுத்தால் குஞ்சு அப்படியே நிலத்தோடு ஒட்டிப் படுத்துவிடும். கண்ணைக்கூட அசைக்காது. நீங்கள் பக்கத்தில் வந்தாலும் அசையாது, கையில் எடுத்தாலும் சில வேளை அசையாது. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சுகமில்லாத குஞ்சு, தாயில்லாத குஞ்சு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? அதன் தாய் தகப்பன்தான்.

எடுத்த இடத்துக்கே உடனே கொண்டுபோய் விடுங்கள். சரியான இடம் தெரியாவிட்டால் பெரிய குருவிகள் மிக அதிகமாகக் கத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு புல் நிழலில் வைத்துவிட்டு விலகிப் போங்கள். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் கொஞ்ச நேரத்தில் ஒன்று நடந்து வந்து கூப்பிடும், குஞ்சு எழும்பி ஓடும். சோறு, பாண், பால் எதுவும் கொடுக்க வேண்டாம். காலோ செட்டையோ முறிந்திருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கிட்டிய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

இன்னும் ஒன்று, பெற்றோர் கவனிக்க வேண்டியது. முகமாலைப் பக்கம்போல கண்ணிவெடி அகற்றும் வேலை நடக்கிற இடங்களில் சிவப்பு எச்சரிக்கைப் பலகை நட்ட காணிக்குள் குருவிக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் போகக்கூடாது. ஆளில்லாத அமைதியான வெட்டை என்பதால் குருவி அங்கே நிற்கும். குருவி நிற்கிற இடமெல்லாம் நாம் நடக்கிற இடமில்லை.

இரவிலும் கத்துகிறதே, தூங்காதா?

தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. நிலவு வெளிச்சத்தில் மேயவும் செய்யும், நரி, நாய், ஆள் என்று எது அசைந்தாலும் கத்தும். மற்ற விலங்குகளும் அந்தக் குரலைக் கேட்டு உசாராகும், இரவில் வேட்டைக்குப் போகிறவர்கள் இதை வெறுப்பதற்குக் காரணம் அதுதான். போர்க்காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு இந்தக் குரல் வேறு விதமாகவும் பழக்கம். இருட்டில் குளப்பக்கம் ஆட்காட்டி கத்தினால் யாரோ நடக்கிறார்கள் என்று படுத்திருந்தபடியே காது கொடுத்தவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். சிலருக்கு இன்றைக்கும் அந்தக் குரல் நெஞ்சை இறுக்கும். அவர்களிடம் இதைக் குருவியென்று நினை என்று இலேசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் இன்று குளக்கட்டில் அது கத்துவது பெரும்பாலும் ஒரு நாய்க்கோ கீரிக்கோதான்.

வானம் விழாமல் இருக்கக் காலை மேலே தூக்கிக்கொண்டு தூங்கும் என்கிறார்களே?

இந்தியாவின் பல பகுதிகளிலும் சொல்லப்படும் பழைய கதை. அப்படித் தூங்குவதில்லை. நின்றபடி, அல்லது காலை மடித்துக் குந்தியபடி ஓய்வெடுக்கும்.

உயரமான இடத்தில் முட்டையிட்டால் அந்த ஆண்டு மழை கூட என்பது?

இதுவும் கமக்காரரிடையே பல ஊர்களில் உள்ள நம்பிக்கை. வன்னியில் முட்டைக் காலம் பெரும்பாலும் பெருமழைக்கு முன்னரே முடிந்துவிடுகிறது, அதனால் வரப்போகிற மாரியைப் பார்த்து இடம் தெரிவு செய்ய அதற்குத் தேவையில்லை. அது பார்ப்பது அந்த நேரத்தில் எங்கே ஈரமில்லை, எங்கிருந்து தூரம் தெரியும் என்பதை. விதைப்பை இதை நம்பித் தீர்மானிக்காதீர்கள்.

நெல்லைத் தின்னுமா? பயிருக்குக் கெடுதியா?

தானியம் கொத்துவது மிகக் குறைவு. வண்டு, எறும்பு, கறையான், வெட்டுக்கிளி, மயிர்க்கொட்டி, நத்தை, இவைதான் அதன் சாப்பாடு. நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். சில வேளை ஒரு காலால் ஈர மண்ணைத் தட்டித் தட்டிப் பூச்சியைக் கிளப்பும். வயலில் இது நின்றால் உங்களுக்கு இலாபம்.

ஏன் மரத்தில் கட்டாமல் இப்படிக் கஷ்டப்படுகிறது?

காலைப் பாருங்கள். முன்னால் மூன்று விரல், பின்விரல் மிகச் சிறியது, கொப்பைச் சுற்றிப் பிடிக்க உதவாது. அது நிலத்தில் ஓடுவதற்கான கால். குஞ்சும் பொரித்த அன்றே நடந்து போக வேண்டியது, உயரத்தில் பொரித்தால் இறங்க வழியில்லை.

இருந்தாலும் சில சோடிகள் தட்டையான கொங்கிறீற் கூரையிலும் ரயில் தண்டவாளத்துச் சல்லிக்கல்லுக்கு நடுவிலும் முட்டையிட்டதை இந்தியாவில் பதிவு செய்திருக்கிறார்கள். சல்லிக்கல் முட்டைக்கு நல்ல மறைப்பு. வடபாதையில் வேலை செய்பவர்கள் கவனித்துப் பாருங்கள்.

யார் யார் எதிரி?

காகம், பருந்து, கீரி, உடும்பு, நரி, பாம்பு. ஆனால் நம்மால் ஏதாவது செய்யக்கூடியது இரண்டில்தான். ஒன்று, கட்டாமல் விடுகிற ஊர் நாய்கள். குளம் வற்றும் காலத்தில் அவை கூட்டமாக இறங்கி முட்டை, குஞ்சு எதையும் விட்டுவைப்பதில்லை. இரண்டாவது குப்பை. குளக்கட்டில் சாப்பாட்டுப் பார்சலும் கோழிக் கழிவும் கொட்டினால் காகம் கூடும், கூடின காகம் பக்கத்து முட்டையையும் தேடும்.

முட்டை எடுப்பதற்குச் சட்டம் ஏதும் உண்டா?

உண்டு. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இலங்கையின் பெரும்பாலான பறவைகளைக் காக்கின்றன. கொல்வதும் முட்டை எடுப்பதும் குற்றம். உலக அளவில் ஆட்காட்டி அழியும் நிலையில் உள்ள இனமில்லை என்பதற்காக அதை யாரும் எடுக்கலாம் என்றாகிவிடாது.

படம் எடுக்க ஆசை. எப்படி?

கூட்டில் வேண்டாம். குளக்கட்டில் வாகனத்துக்குள் இருந்தே எடுங்கள், மேய்கிற குருவி வாகனத்துக்கு அவ்வளவாகப் பயப்படாது. முட்டைப் படத்தை இடப்பெயரோடு முகநூலில் போடாதீர்கள், மறுநாள் இன்னும் பத்துப் பேர் போவார்கள்.

வன்னியில் நிலத்தில் முட்டையிடுகிற வேறு குருவிகள்?

நிறைய. கௌதாரி, காடை, காட்டுக்கோழி, மயில், வானம்பாடி, இரவில் வீதியில் குந்தியிருந்து வாகன வெளிச்சத்தில் கண் மின்னுகிற பக்கி. மன்னார்க் கரையோர மணலில் முட்டையிடுகிற ஒரு சின்ன உப்புக்கொத்தி இருக்கிறது. அதை 2023 இல்தான் அனுமன் உப்புக்கொத்தி என்று மறுபடி தனி இனமாக ஏற்றார்கள், இலங்கையும் தென்னிந்தியாவும் அதன் வீடு. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ஆட்காட்டிபோலச் சத்தம் போட்டு உங்களைத் திருப்ப அதனால் முடியாது, ஆகவே கடற்கரை மணலில் மோட்டார் சைக்கிள் விடுகிறவர்கள் அலை வந்து நனைக்கிற ஈர மணலோடு நின்றுகொள்ளுங்கள்.

மாரியில் எங்கே போய்விடுகிறது?

எங்கும் போவதில்லை, இங்கேதான் இருக்கும். வயலெல்லாம் நெல் உயர்ந்து குளமும் நிரம்பிவிடுவதால் நிற்க வெட்டை குறைவு. வரம்பிலும் வீதியோரத் தரவையிலும் சின்னச் சின்னக் கூட்டமாக நிற்கும். முட்டை இல்லாத காலம் என்பதால் சத்தமும் குறைந்திருக்கும், கிட்டப் போனாலும் இரண்டு குரல் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடும்.